பால் வாங்கப் போனவன்

வெள்ளிக்கிழமையோடு முடிகிறது ‘கல்யாணக் கடன்.’
ஏழரை வருஷம். ராத்திரி ஏழரை மணி.
“ஏழரை விலகுது, கோயிலுக்கு எண்ணெய் ஊத்துங்கடி”
என்றாள் பெள்ளியம்மா,
ஒருநாள் தவறாமல் பார்த்தவள்.

இலை நிறுக்கிற கொட்டகையில்,
மழைக்குப் போர்த்திய சாக்கை உதறாமலே
கூட்டம் போட்டார்கள்.
கேபிள்காரன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.
கட்டபெட்டிலிருந்து இந்த லைன் வீடுகள் வரைக்கும்
சில்வர் ஓக் மரத்துக்கு மரம்
தாவி வருவது என் ஒயர்தான்.

வீட்டுக்கு ஐம்பது ரூபாய்.
வாட்ச்மேன் சவரியப்பனுக்கு மட்டும் நூறு:
அவர் வில்லி ராஜமாதங்கியின் கட்சி.

கேக்கில் யார் பேர் எழுதுவது, அதில்தான் முதல் சண்டை.
செண்பகவல்லியாக நடித்தவர்கள் மூன்று பேர்.
முதலாமவள் போன அன்று
‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று
ஒரு வரி ஓடியது அடியில்;
அசினா அன்றைக்குச் சோறே வைக்கவில்லை.
இரண்டாமவளுக்கு அழுதால் மூக்கு சிவக்காது.
மூன்றாமவள் முகம் பழகுவதற்குள்
கவாத்து வெட்டின செடியெல்லாம் துளிர்த்துவிட்டது.
“பேர் வேணாம், வீட்டை வரையச் சொல்லுவோம்”
என்றாள் தவச்செல்வி.
அந்த வீட்டு மாடிப்படி எத்தனை என்று
எல்லோருக்கும் தெரியும்.
ஏறிப் போனவர்கள்தான் யாருக்கும் நினைவில் இல்லை.

கோத்தகிரியில் பிளக்ஸ் அடிக்கிற பையன் கேட்டானாம்:
கண்ணீர் அஞ்சலியா, காதணி விழாவா?
நடுவில் அவனிடம் எதுவும் இல்லை.
கடைசியில் காதணி விழாவில் குழந்தையை எடுத்துவிட்டு
டிவிப் பெட்டியை வைத்துக் கொடுத்தான்.
இரண்டு பக்கமும் மயில்.
‘தாய்மாமன்மார்’ என்ற எழுத்தை மட்டும்
அழிக்க மறந்துவிட்டான்.

வர்க்கி இரண்டு கிலோ, மிக்சர், டீ.
இன்வெர்ட்டர் என் பொறுப்பு.
எல்லாம் பேசி எழும்போதுதான்
லூர்துமேரி கேட்டாள்:
“கடைசி நாளாவது குமரேசு வருவானா?”

குமரேசு, கதாநாயகனின் தம்பி.
முதல் வருஷம், ஆடிக் காற்றில், ஒரு செவ்வாய்க்கிழமை
தூக்குவாளியோடு பால் வாங்கப் போனான்.
அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது,
நின்றது, மறுபடி நடந்தது.
அம்மா இரண்டு தடவை செத்துப் பிழைத்தாள்.
‘தம்பி எங்கே’ என்று
அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.
பால் மட்டும் எப்படியோ
தினமும் பொங்கிக்கொண்டிருந்தது.

“அவன் அன்னைக்கே வந்திருப்பான்” என்றாள் பெள்ளியம்மா.
“மரம் விழுந்து கேபிள் அறுந்துச்சே,
அந்தப் பதினெட்டு நிமிஷத்துல.
நாமதான் பாக்கல.”

முப்பது சாக்குகளும் என் பக்கம் திரும்பின.

அன்றைக்குக் கற்பூர மரத்தடியில் நனைந்துகொண்டு
ஒயரைப் பல்லால் சீவி முறுக்கினவன் நான்.
பின்னால் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல்,
அந்தப் பதினெட்டு நிமிஷத்தையும்
போனில் தேடிப் பார்த்தேன்.
நகைக்கடை விளம்பரம்.
ஒரு சாபம்.
ஒரே கன்னத்தில் விழுந்த ஓர் அறை, மூன்று கோணத்தில்.
கதவு திறக்கவே இல்லை.

“வந்தான்” என்றேன்.

“கையில வாளி இருந்துச்சா?” இது அசினா.

“இருந்துச்சு. மூடியோட.”

லூர்துமேரி ஒன்றும் சொல்லவில்லை.
தவச்செல்வியின் நோட்டை வாங்கி
டீக் கணக்கில் முப்பத்தொன்றை அடித்து
முப்பத்திரண்டு என்று எழுதினாள்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.
காலையில் ஏணியோடு போய்
ஒயர்மேல் சாய்கிற கொப்பை வெட்ட வேண்டும்.
திங்கட்கிழமை அதே ஏழரைக்கு
வேறொன்று தொடங்குகிறது.
பேர் என்ன என்று கேட்டார்கள்.
இன்னும் வைக்கவில்லையாம் என்று
அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.